இடது பக்கம் சாய்ந்த வேன்

ஆவி, பேய் என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். ஆம்பூரில் பெங்களூர் ரோட்டோரம் லாரிப் பட்டறை வைத்திருந்தேன். வண்டியில் சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்தைச் சரிசெய்தால் சத்தம் நின்றுவிடும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் வேனிலேயே கிளம்பி துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் தாண்டி எங்கள் ஊர் வரை வந்திருந்தது. புருஷன், பெண்டாட்டி, ஈவா என்று ஆறேழு வயதுப் பெண் குழந்தை. வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. அந்த மனிதருக்கு அங்கே ஷூ கம்பெனியில் வேலையாம், தோல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு இங்கே தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் தங்கியிருந்தார்கள். பயணம் முடிகிற நேரம். மெட்ராஸில் வண்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டு அவர்கள் விமானம் ஏற வேண்டியதுதான் பாக்கி.

வேன் இடது பக்கம் பின்னால் தாழ்ந்து நிற்கிறது, சரிபண்ணிக் கொடு என்று என்னிடம் கொண்டுவந்தார். ஒரு ஓரத்தில் மட்டும் மூட்டை ஏற்றிய லாரி போல நின்றது. ஸ்பிரிங்கைப் பார்த்தேன், பழுதில்லை. சக்கரங்களை மாற்றிப் போட்டேன். உள்ளே இருந்த சாமானெல்லாம் இறக்கி, சமதரையில் நிறுத்திப் பார்த்தேன். காலி வேன், அப்போதும் அதே சாய்வு. எனக்கு அவமானமாக இருந்தது.

என் மனைவி மேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இங்கிலீஷ் பேசுவாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கூட வந்திருந்த அந்த ஜெர்மன் அம்மாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னா சொல்றாங்க?"

"சிரிக்காம கேளுங்க. துருக்கில மலைமேல பனி கொட்றப்ப ஒரு கிழவர் கை காட்னாராம். ஏத்திக்கிட்டாங்க. பின்னாடி இடது ஜன்னலாண்ட உக்காந்தாரு. எங்க போவணும்னு கேட்டா முன்னாடி கையக் காட்றாரு, அவ்ளோதான். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. வண்டி எங்கியுமே நிக்கலியாம். அன்னிலேர்ந்துதான் இந்தச் சாய்வு."

"எறங்கச் சொல்றதுதானே?"

"ஊருக்கு ஊர் சொல்லிப் பாத்துட்டாங்க. அந்தம்மா தெனமும் சாயங்காலம் அந்த சீட்டாண்ட ஒரு கப் டீ வெக்குது. அவர் எறங்காம வண்டிய கப்பல்ல ஏத்த வுட மாட்டேன்னு அழுவுது. மனுசன உள்ள வச்சுப் பூட்ற மாதிரி ஆயிடுமாம். புருசன் உனக்குப் பைத்தியம்னு கத்தறாரு."

நான் சிரிக்கத்தான் செய்தேன்.

வெயில் கொஞ்சம் தணிந்ததும், ஓட்டிப் பார்த்தால் ஏதாவது தெரியும் என்று வாணியம்பாடிப் பக்கம் கிளம்பினோம். அவர் ஓட்டினார், அந்த அம்மா பக்கத்தில். நான் பின்னால், சத்தம் கேட்பதற்காக. எதிரில் ஈவா. ஒரு வளைவில், பஸ்ஸில் பக்கத்து ஆள் சாய்வானே, அப்படி என் தோளில் ஒரு பாரம் அழுந்தியது. நானும் பழக்கதோஷத்தில் நகர்ந்து இடம் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பக்கத்தில் யாருமில்லை என்பது உறைத்தது.

 

வாணியம்பாடிக்கு முன்னால் ரோட்டுக்கும் பாலாற்றுக்கும் நடுவே வெறும் சரிவாக ஓர் இடம். அங்கே வந்தபோது வேனின் பக்கவாட்டுத் தகரத்தில் டப் டப் என்று இரண்டு தட்டு. ஸ்டாப்பிங் வந்ததும் தட்டுவார்களே, அதே மாதிரி. நான் தட்டியதாக நினைத்து அவர் பிரேக் போட்டார். என் கை இரண்டும் என் மடியில் இருந்தன.

நம்பினால் நம்புங்கள், கதவு திறக்கவில்லை, ஆனால் வேன் மெதுவாக எழும்பியது. பாரம் இறக்கிய லாரி எழும்புகிற எழும்பல். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், அது எனக்குத் தெரியாதா?

ஈவா ஜன்னல் வழியாகக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை சரிவில் மெதுவாக இறங்கி மணல் வரைக்கும் போனது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, பிறகு ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. வேறொன்றும் இல்லை, வெயில்தான்.

அந்த அம்மா இறங்கி, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி, கப்பைச் சரிவின் ஓரத்தில் வைத்துவிட்டு நின்று அழுதாள். புருஷன் வேனைச் சுற்றி வந்து இடது சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வண்டி நேராக நின்றது. அவர் போய் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை மெட்ராஸுக்குப் புறப்பட்டார்கள். அதன்பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. ஏதோ ஒன்று, நல்லபடியாக முடிந்தது என்று விட்டுவிட்டேன். எங்கள் மகள் கல்யாணம் முடிந்த பிறகு ஒருநாள் மேரிதான் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"கெளம்பும்போது அந்தம்மா என்னாண்ட ஒண்ணு சொல்லிச்சு. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல. ஈவா சொல்லிச்சாம், எறங்கறப்ப அந்தக் கிழவர் உங்களக் காட்டி, 'இவரும் இங்கதான் எறங்கறாரா?'ன்னு கொழந்தையக் கேட்டாராம். அது, 'இல்ல, இவர் இன்னும் கொஞ்ச தூரம் வருவாரு'ன்னுச்சாம்."

இப்போதும் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது, அந்தச் சரிவு தாண்டும்வரை முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். கொஞ்ச தூரம் என்றால் எவ்வளவு என்று அந்தக் குழந்தையை யாரும் கேட்கவில்லை.