ஜெயமங்கலம்தான் வர வேண்டும்

இரண்டு ஞாயிறுக்கு முன்னால், ஜெயமங்கலம் ஜெயிக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நான் ஜெயமங்கலத்துக்காரன் இல்லை, அனுமந்தன்பட்டிக்காரன். அந்த ஊரில் எனக்குச் சொந்தபந்தமும் கிடையாது. பிறகு எதற்குக் கத்தினேன்? அந்த வயிற்றெரிச்சலைத்தான் இந்த வாரம் உங்களிடம் கொட்டப்போகிறேன்.

உத்தமபாளையத்தில் செவன்ஸ் டோர்னமென்ட். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால் — மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து எங்களுக்குத் தொற்றிய வியாதி. எங்கள் ஊர் டீம் வருஷா வருஷம் போகும், தோற்கும், புரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பும். இந்த வருஷம் என்ன ஆனதோ... லீக் ஆட்டம் எல்லாவற்றிலும் ஜெயித்து, முதல்முறையாக அரையிறுதி! காரணம் கோல்கீப்பர் செல்வம். என் மனைவியின் தம்பி. ஏலக்காய் மூட்டை தூக்கிப் பழகிய கை. பந்தைப் பிடித்தால் விடாது.

அரையிறுதியில் எங்களுக்கு எதிரே யார்? தேவதானப்பட்டியா, ஜெயமங்கலமா? அவர்களுக்குள் கடைசி லீக் ஆட்டம் பாக்கி. அதில் ஜெயிப்பவர்கள் எங்களோடு மோத வேண்டும்.

இங்கேதான் சனி பிடித்தது. அந்த வாரம் முழுக்க டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. தேவதானப்பட்டி ஸ்ட்ரைக்கர் ஆறடி உயரம். அவன் அடித்த பந்தில் ஒரு கோல் போஸ்ட்டே சாய்ந்ததாம். ஜெயமங்கலமோ?

"அங்கன இப்பத்தான் நடவு முடிஞ்சிருக்கு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப் போயிருக்கும். அவுக எங்கிட்டு ஓடப் போறாக?" என்றார் எங்கள் டீம் மேனேஜர் பாண்டி.

அடடா, என்ன ஆராய்ச்சி! எல்லோரும் தலையாட்டினோம். நாற்று நடுவது பெண்கள், பந்து ஆடுவது ஆண்கள் — இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆக, ஜெயமங்கலம்தான் வர வேண்டும். அவர்களுக்குக் கைதட்ட வேன் பிடித்துப் போனோம். போனால், அவர்களுடைய கோல்கீப்பருக்கு விரல் வீங்கிக் கிடக்கிறது. மாற்று ஆளும் இல்லை.

"பாண்டி, நம்ம செல்வத்த ஒரு ஆட்டத்துக்கு விட்டா என்ன?"

கேட்டது யார்? நான்தான்! வேறு டீமுக்கு 'கெஸ்ட்' ஆடிக் கொடுப்பது எங்கள் பக்கம் சகஜம், கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் கொடுப்பது மாதிரி.

செல்வம்தான் தயங்கினான். "மச்சான், இது சரியா வருமா?"

"ஒரு ஆட்டந்தானப்பா... போய் நில்லு."

ஜெயமங்கலம் டீம் சீட்டில் அவன் பெயரை என் பேனாவாலேயே எழுதிக் கொடுத்தேன்.

வந்த பந்தையெல்லாம் தடுத்தான் செல்வம். ஒரே ஒரு கோலில் ஜெயமங்கலம் ஜெயித்தது. நாங்கள் சரவெடி வைத்தோம். 'யார் பெற்ற பிள்ளைகளோ' என்று பார்த்த ஜெயமங்கலத்துக்காரர்கள் எங்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் தின்றோம்.

புதன்கிழமை போன் வந்தது. டோர்னமென்ட் செயலாளர் ஜமால் பாய், கம்பத்தில் வியாபாரி.

"அரையிறுதிக்கு உங்க பக்கம் யாரு கீப்பர்?"

"செல்வந்தான். ஏன் பாய்?"

"அதெப்படி? லீக்குல கடைசியா எந்த டீம் சீட்டுல பேர் இருக்கோ, கடைசி வரைக்கும் அந்த டீமுக்குத்தான் ஆடணும். நோட்டீஸ்லயே போட்டிருக்கோமே. நீங்கதான எழுதிக் கொடுத்தீக?"

நோட்டீஸ் எங்கள் டீக்கடையில்தான் கிடந்தது. அதன் பின்பக்கத்தில்தான் ஒரு வாரமாக, யாருக்கு யார் எதிரி என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தோம். திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் சொன்னேன். "என் தம்பியத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீகளே, உங்களுக்குக் கூறு இருக்கா?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கெழம நீ யாருக்குக் கைதட்டுவ?"

"இதென்ன கேள்வி? என் தம்பிக்குத்தான்."

இருபது வருஷம் இந்த டீமுக்காக வெயிலில் நின்று கத்தியவன் நான். கிடைத்தது ஒரே ஒரு அரையிறுதி. அதையும் நானே கெடுத்தேன். எதிராளி யாரென்று பார்த்த நேரத்தில் பாதியையாவது எங்கள் கோல் போஸ்ட்டைப் பார்த்திருக்கலாம். சம்பந்தம் பேசும்போதும், தேர்தலில் நிற்கும்போதும் நாம் இதைத்தானே செய்கிறோம்?

போன ஞாயிறு அரையிறுதி. எங்கள் கோல்கீப்பர்? மேனேஜர் பாண்டி! வயது நாற்பத்தாறு. ஜெயமங்கலத்துப் பையன்கள் கடைசி நிமிஷம் வரை குதிரையாக ஓடினார்கள். ஒருவன்கூட இடுப்பைப் பிடிக்கவில்லை. பாண்டிதான் பிடித்தார். எப்படியோ கோல் விழாமல் பெனால்டி வரை இழுத்தோம். அங்கே எங்கள் பந்துகளில் மூன்றைப் பிடித்தான் செல்வம். பாண்டி ஒவ்வொரு முறையும் பந்து வராத பக்கமே பாய்ந்தார். முடிந்தது கதை.

கிளவுஸைக் கழற்றியபடி செல்வம் என்னிடம் வந்தான். "கோவமா மச்சான்?"

"நீ ஒன் வேலையப் பாத்த. ஒன் மேல என்னப்பா கோவம்?" என்றேன். நிஜமாகவே இல்லை.

அவன் முகம் தெளிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஆர்வமாகக் கேட்டான்:

"அப்பச் சொல்லுங்க மச்சான்... பைனல்ல எங்களுக்கு யாரு வந்தா நல்லாருக்கும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, "எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.