நல்ல நேரத்தில் வந்த அப்டேட்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், உரக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் இருக்கிறது என் இ-சேவை மையம். மையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு கைரேகை மிஷின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நான். பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று எதற்கு யார் வந்தாலும் இந்தச் சாமான்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் என் பிழைப்பு ஓடும். அவை பேசிக்கொள்வது பிரவுசர் வழியாக. அந்தப் பிரவுசரோடு பத்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். கட்டிய புருஷனிடம்கூட நான் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள்.

பிரவுசரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம், அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது. நேற்று வரை இங்கே இருந்த பட்டன் இன்று அங்கே போயிருக்கும். பிரிண்ட் கொடுத்தால் பாதிப் பக்கம் வரும். ஒருமுறை அப்டேட் ஆன மறுநாள் திறக்கத் திறக்கப் படாரென்று மூடிக்கொண்டே இருந்தது, ஒரு வாரம் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டினேன். எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டிய எழுத்து இன்றைக்கும் வெட்டிய இடத்திலேயே இருக்கிறது. என் பட்டன் ஒரு மாதம் ஓரிடத்தில் நிற்காது.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கணினியை அணைப்பதே இல்லை. வீட்டுக்குப் போகும்போது தூங்க வைத்துவிட்டுப் போவேன். அணைத்து ஆன் செய்தால்தானே வாசலில் காத்திருக்கும் அப்டேட் உள்ளே நுழையும்? ‘அணைக்காதே’ என்று எனக்கு நானே சீட்டு எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தேன்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்தச் சீட்டு செல்லாது. ஆயுத பூசை. அன்றைக்குச் சாமான்களுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். உரக்கடைக்காரர் தராசைக் கழுவி வைப்பார், பூக்கடை அம்மா கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைப்பார். நான் மட்டும் ‘என் மிஷின் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது தாயே’ என்று சரஸ்வதியிடம் சாக்குச் சொல்ல முடியுமா? முறையாக அணைத்தேன். துடைத்தேன். சந்தனம் குழைத்து மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், கைரேகை மிஷின் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்துச் சூடம் காட்டினேன்.

மறுநாள் விஜயதசமி. காலண்டரில் நல்ல நேரம் பார்த்து ஆன் செய்தேன். ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூடாதே என்று ‘சரி’யை அழுத்தினேன். சாஸ்திரத்துக்கு ஒரு வரி அடித்துவிட்டு, மனநிறைவோடு பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்கடுத்த நாள் பதினொரு மணி வாக்கில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். திருப்புலிவனம் பக்கத்து இருளர் குடியிருப்புக்காரர்கள். அந்தப் பெண் பன்னிரண்டாவது முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய சாதிச் சான்றுக்கு என் மையத்தில்தான் மனு போட்டோம். ஒரு முறை தள்ளுபடி, திரும்ப மனு, விசாரணை, மறுபடி விசாரணை என்று இரண்டு வருடம் அலைந்த பிறகு, ஒருவழியாகச் சான்று கிடைத்துவிட்டதாக முந்தின இரவு அவள் போனுக்குச் செய்தி வந்திருந்தது. அதை எடுத்துக் கல்லூரித் தளத்தில் ஏற்ற அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. தவறினால் இந்த வருடம் போச்சு. அடுத்த வருடம் வரை அந்த வீட்டில் ஒரு பெண்ணை நடவுக்கு அனுப்பாமல் வைத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

“நடவுக்குப் போகாம வந்துகீறேம்மா. சட்னு எட்த்துக் குட்த்துடு” என்றார் தாய். அவர் காலில் முந்தின நாள் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

“ரெண்டு நிமிஷம்” என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சான்றிதழ் தளத்துக்குள் நுழைய என் கட்டைவிரல் ரேகை வேண்டும். மிஷினில் விரல் வைத்தேன். வழக்கமாக எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. பிரவுசரைப் பார்த்தேன். முகமே மாறியிருந்தது. ‘கருவி எதுவும் இல்லை’ என்று ஒரு வரி. வயரைக் கழற்றிச் சொருகினேன். பிரவுசர் அப்படியே உறைந்து நின்று, பிறகு மூடிக்கொண்டது. திறந்தேன். மூடிக்கொண்டது. விஜயதசமி நல்ல நேரத்தில் நான் எதற்குச் ‘சரி’ சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கோபம் வந்தது, மறைப்பானேன். மேசையை ஓங்கி அடித்தேன். ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு பிரமிப்பும் இருந்தது. எந்த தேசத்திலோ, எந்த அறையிலோ உட்கார்ந்து யாரோ ஒரு வரியை மாற்றுகிறார். உத்திரமேரூரில் என் மேசையில் ஒரு சிறு விளக்கு எரியாமல் போகிறது. அதனால் சேறு காய்ந்த காலோடு ஒரு தாய் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த யாரோவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

வேறு மையத்துக்குப் போகச் சொல்லலாம் என்றால், என் கணக்கில் போட்ட மனுவை என் கணக்கில்தான் எடுக்க முடியும். மிஷின் விற்றவரின் போன் அணைந்து கிடந்தது. தளத்தின் உதவி எண்ணில் பாட்டு மட்டும் பாடியது. மணி ஒன்றானது, இரண்டானது. தாய் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “நீ சாப்ட்டியாம்மா?” என்று என்னைக் கேட்டார். அவர் எரிந்து விழுந்திருந்தால்கூட நான் அவ்வளவு கூசிப்போயிருக்க மாட்டேன்.

கடைசியில் என் போனில் தேட ஆரம்பித்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், வேகமாக வராது. அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கெங்கோ சுற்றி, ஆளாளுக்குக் கேள்வியும் பதிலும் எழுதிப் போடும் ஒரு பக்கத்துக்கு வந்தோம். மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு. என் மிஷின், என் பிரவுசர், என் சண்டை. மேலே என்னைப் போலவே பதினைந்து பேர் புலம்பியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒருவர், என் இங்கிலீஷைவிடச் சுமாரான இங்கிலீஷில், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தார். மிஷினின் வயரைக் கழற்று. அதன் சாப்ட்வேரை நீக்கு. கணினியை அணைத்து ஆன் செய். சாப்ட்வேரைத் திரும்பப் போடு. பிரவுசரின் செட்டிங்கில் இந்த இடத்தில் அனுமதி கொடு. வயரைக் கடைசியில்தான் சொருக வேண்டும், முதலில் சொருகினால் எல்லாம் வீண்.

அவள் வாசித்தாள், நான் செய்தேன். சாப்ட்வேர் இறங்குவதற்குள் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. மணி நாலேகாலுக்குக் கடைசியாக வயரைச் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

“வந்துச்சிடி!” என்று கத்திவிட்டேன். பூக்கடை அம்மா எட்டிப் பார்த்தார்.

விரல் வைத்தேன். ‘ரேகை தெளிவில்லை’ என்றது. விரலைப் புடவையில் துடைத்து மறுபடி வைத்தேன். தெளிவில்லை. மூன்றாவது முறையும் அதே. நாலாவது முறையும் அதே. ஐந்து முறை தவறினால் கணக்கு ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஐந்தாவது முறைக்கு விரலைத் தூக்கினேன்.

“அக்கா, இருங்க, வெக்காதீங்க! கீழ இன்னொரு லைன் கீது.”

அவள் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவின் அடிவரை தள்ளியிருந்தாள். எல்லாம் முடிந்து கொஞ்சம் இடம் விட்டு, கடைசியாக ஒன்று எழுதியிருந்தார் அந்த மனிதர். அவள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

“பூசை போட்டு முடிச்சப்புறம் இப்டி ஆச்சின்னா, மொதல்ல மிஷின் கண்ணாடிய ஈரத்துணியால தொடைங்க. எங்க வூட்ல அதுமேல குங்குமம் வெச்சிட்டாங்க. நாலு மணி நேரம் பிரவுசரத் திட்னேன். அப்டீன்னு போட்டுகீறாருக்கா.”

குனிந்து பார்த்தேன். வயலிலிருந்து வருகிறவர்கள் விரல் பட்டுப் பட்டு எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும் என்று நான் கண்டுகொள்ளாத கண்ணாடியில், நட்டநடுவில், மெல்லிசாகக் காய்ந்து கிடந்தது நான் வைத்த சந்தனப் பொட்டு.

தாயும் குனிந்து பார்த்தார். “இன்னாம்மா, அதோட கண்லயே வெச்சிக்கீற? அது எப்டிப் பாக்கும் பாவம்?”

எனக்குப் புல்லரித்துவிட்டது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் எந்த ஊரோ, எந்த மொழிக்காரரோ. அங்கேயும் பூசை, அங்கேயும் பொட்டு, அங்கேயும் ஒருவர் மேசையை அடித்திருக்கிறார். பிறகு தன் வேலை முடிந்தது என்று எழுந்து போகாமல், தன் அசட்டுத்தனத்தையும் சேர்த்து, முன்பின் தெரியாத எனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தலைமேல் பறந்துவந்து விழும் அப்டேட்டைவிட இது பெரிய அதிசயமாகத் தோன்றியது.

புடவைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். ஐந்தாவது முறை விரல் வைத்தேன். கதவு திறந்தது. சான்று இறங்கியது. கல்லூரித் தளத்தில் ஏற்றி ரசீது வரும்போது மணி நாலு ஐம்பத்திரண்டு.

தாய் ரசீதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “யாரும்மா அவுரு, உனுக்குச் சொல்லிக் குட்த்தவுரு?” என்று கேட்டார்.

“தெரியல. யாரோ.”

“யார் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும். நீ அவருகிட்ட சொல்ட்டியா, வேல ஆயிடுச்சின்னு?”

பத்து வருடத்தில் இப்படி எத்தனை பேர் எழுதியதைப் படித்துப் பிழைத்திருப்பேன். ஒருவருக்காவது ஒரு வரி போட்டதுண்டா? வேலை முடிந்ததும் மூடிவிட்டுப் போகிற ஆள்தான் நானும்.

போனைப் பெண்ணிடமே கொடுத்தேன். அவள் யோசித்து யோசித்து இங்கிலீஷில் அடித்தாள். எங்கள் மிஷினில் சந்தனம் இருந்தது, துடைத்தோம், என் நர்சிங் விண்ணப்பம் போய்விட்டது, என் அம்மா உங்களை நன்றாக இருக்கச் சொல்கிறார். அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன், அவளிடம் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்துப் பதில் வந்திருந்தது. அந்த மனிதரேதான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நர்சிங் சீட் கிடைத்ததா?

எனக்குத் தெரியாததால் உடனே பதில் போடவில்லை. ஆனால் தினமும் கடை திறந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். முகம் தெரியாத ஒருவர் அங்கே காத்திருக்கிறார் என்பதே ஒரு பொறுப்பாக இருந்தது. ஒரு மத்தியானம் தாயும் மகளும் வந்தார்கள். இந்த முறை தாய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “செங்கல்பட்டுலயே போட்டுட்டாங்கம்மா. பஸ்லயே போய்ட்டு வந்துடலாம்” என்றார்.

அவர்கள் எதிரிலேயே போனை எடுத்தேன். ‘கிடைத்தது’ என்று அடித்தேன்.