நண்டுகள் எப்படிச் சாமி கும்பிடும்?

நாங்கள் பழவேற்காடு ஏரியில் உள்ள பசியாவரம் தீவில் வசிக்கிறோம். என் கணவர் பிடித்து வரும் நண்டுகளின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, வியாபாரி வரும்வரை கூடையில் போட்டு வைப்போம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எட்டு மாதக் கைக்குழந்தையைப் பாயில் தூங்க வைத்துவிட்டு, துணி உலர்த்தப் பின்பக்கம் போனேன்.

வீட்டுக்குள் எங்கள் நாய் ராஜா ஓயாமல் குரைத்தது. "சனியனே, புள்ள எழுந்துக்கும்! வாய மூடு!" என்று திட்டிக்கொண்டே உள்ளே போனேன். பாயைச் சுற்றிலும் கட்டவிழ்ந்த நண்டுகள்! பிஞ்சு விரல் கொடுக்கில் அகப்பட்டால் என்ன ஆகும்? ராஜா குழந்தைக்குக் குறுக்கே நின்று நண்டுகளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு நண்டு அதன் காதைக் கவ்வித் தொங்கியது. அப்போதும் அது இடத்தை விட்டு அசையவில்லை. "முருகா!" என்று குழந்தையை வாரி எடுத்தேன்.

மூத்தவள் செல்விக்கு ஐந்து வயது. கை நிறையக் கயிறுகளோடு மூலையில் நின்றாள்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க?"

"நைனா அதுங்க கையக் கட்டிப்புட்டா எப்டிம்மா சாமி கும்புடும்? இன்னிக்கு வெள்ளிக்கெழம இல்ல?"

கைகூப்பக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே! அடிக்க ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. ராஜாவின் காதிலிருந்த நண்டை விடுவித்து, மஞ்சள் பூசி, அதன் தலையைத் தடவிக் கும்பிட்டேன்.

இப்போதெல்லாம் நண்டுக் கூடையை மூடி உயரத்தில் வைக்கிறேன். ராஜா குரைத்தால், திட்டுவதற்கு முன் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். செல்வியிடம், "நண்டு மனசுக்குள்ள வேண்டிக்கினாலே சாமிக்குக் கேட்டுரும்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.