இரண்டு நோட்டு இங்கிலீஷும் ஒரு இன்னாவும்

இங்கே காலையில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "ஆல் ரைட்?" என்று கேட்கிறார்கள். முதல் வாரம் நானும் நின்று, தூக்கம், முதுகுவலி, செரிமானம் என்று வரிசையாகப் பதில் சொன்னேன். இரண்டாவது வியாதிக்கு வருவதற்குள் கேட்டவர் பஸ் ஏறியிருப்பார்.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கேர் ஒர்க்கர் நான். புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஜீப்பில் போகும்போது, மலைப்பாதையில் வளைவுக்கு ஒரு சொல்லாக, இரண்டு நோட்டு கடின ஆங்கிலத்தை மனப்பாடம் செய்தவன். பக்கத்தில் புளிமூட்டையைப் பிடித்திருந்த என் மனைவி செல்வி, "யாரய்யா திட்டினு வர்ற?" என்பாள்.

வந்த இடத்தில் நோட்டை அவிழ்த்துவிட்டேன். எண்பது வயது டோரத்தியிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க, "ஆர் யூ டிசைரஸ் ஆஃப் ஹைட்ரேஷன்?" என்றேன். அவர் மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு, "வக்கீல் வந்திருக்கிறார், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்டாராம்.

சோதனைக் காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் சொல்லிவிட்டார்: "நீங்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. இப்படியே போனால் வேலை நிரந்தரமாகாது." வேலை போனால் விசாவும் போகும். 'பிரமாதமான ஆங்கிலத்தால் திருப்பி அனுப்பப்பட்டவன்' என்று மலையேறினால் ஊர் சும்மா விடுமா?

மறுநாள் நான் டோரத்தியைக் கவனிப்பதை மேனேஜர் நின்று பார்த்தார். டோரத்தி தோளைக் குறுக்கிக்கொண்டு ஏதோ முனகினார். 'கோல்டு' மட்டும்தான் காதில் விழுந்தது. பதற்றத்தில் நோட்டுச் சொல் ஒன்றுகூட வரவில்லை. "கோல்டு... இன்னா?" என்று, 'என்ன' என்பதற்கான ஊர்ப் பேச்சிலேயே உளறிவிட்டேன்.

டோரத்தி முகம் மலர்ந்தது. "இட் ஈஸ், இன்னிட்!" நாம் 'இல்லையா' என்பதைப் போல இவர்கள் வாக்கியத்தின் வாலில் ஒட்டுவது அந்த 'இன்னிட்'. "பரவாயில்லையே, இவன் நம்மைப் போலவே பேசுகிறான்!" என்று மேனேஜரிடம் வேறு சொன்னார். நானும் போர்வை இன்னா, டீ இன்னா, மழை இன்னா என்று வெளுத்து வாங்கினேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே தாளில் குறித்தார். வேலை நிரந்தரம்! அன்றைக்குத்தான் இந்த ஊரில் முழுதாக மூச்சு விட்டேன்.

செல்விக்குப் போன் போட்டேன்.

"ஒரே ஒரு வார்த்த சொன்னேன் செல்வி, வேல நெலச்சிடுச்சி!"

"அப்டி இன்னா வார்த்த?"

"இன்னா."

"அதான்யா கேக்குறேன். இன்னா?"

"அதேதான்!"

அங்கே அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். இங்கே நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.