கையில் எழுதிய நம்பர்

இன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏகப்பட்ட கூட்டம். அக்காவின் ஐந்து வயது மகள் தொலைந்துவிடக் கூடாதே என்று அவள் கையில் என் நம்பரைப் பேனாவால் எழுதினேன். நச்சரிக்காமல் இருக்க என் போனையும் கொடுத்தேன்.

சின்னசேலம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு சீட்டுப் பிடித்துவிட்டுத் திரும்பினால், ஆளைக் காணோம்!

ஸ்டாண்டு முழுக்க ஓடினேன்.

கடைசியில் பூக்கடையில் உட்கார்ந்திருந்தாள். பூக்கார அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா நீ? கைல இருந்த நம்பருக்குப் போன் போட்டா, பாப்பாவே எடுத்து 'மாமா காணாம போய்ட்டாரு'ன்னுது! நம்பர எழுதிட்டு போனயும் அதுங்கிட்டயே குடுப்பியா?"

படித்தது இன்ஜினியரிங். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை தன் நம்பரை என் கையில் எழுதி அனுப்புவதாக அக்கா சொல்லிவிட்டாள்.

சிரித்து முடித்தவர்கள், உங்கள் வீட்டில் யார் தொலைந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.