கூரை ஒட்டாத வீடு

லலிதாபாய் டீச்சர் இறந்துபோன செய்தி, நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. விடியற்காலையில் நெஞ்சுவலியாம். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பறை எங்களுக்கு. அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மதியம் அவருடைய குழம்பு எனக்கு, என்னுடைய துவையல் அவருக்கு. அழுகை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், 'அப்பாடா, இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை' என்று ஒரு நினைப்பு வந்தது. எழுதக் கூசுகிறது. என்ன செய்ய, அதுதான் முதலில் வந்தது.

நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு லலிதாபாய் டீச்சர் என்றால் உங்களுக்கெல்லாம் ஐஸ் குச்சிதான் ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமை ஆனால் பிள்ளைக்கு இருபது குச்சி, சின்ன டப்பாவில் கொஞ்சம் பசை. திங்கட்கிழமை பேனா ஸ்டாண்டோ, கட்டிலோ, படச் சட்டமோ, வீட்டில் செய்துகொண்டு வர வேண்டும். பெரியவர்கள் கை மட்டும் படக் கூடாது. "அம்மைக்க கை பட்டா எனக்கு மணத்திலேயே தெரியும், கேட்டியா?" என்று மிரட்டுவார். பிள்ளைகள் அதை நம்பிக் குச்சியை முகர்ந்து பார்த்துக்கொண்டே போகும்.

"ஏன் டீச்சர், கொஞ்சம் நேராக்கிக் கொடுத்தா என்ன?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். "கோணலா இருந்தா அது பிள்ளைக்க கோணல். நேரா இருந்தா அது உங்களுக்க நேர். நான் உங்களுக்கா மார்க் போடப்போறேன்?" என்றார் அக்கா. அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வருடம் சேர்ந்து போனோம். அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்ததும், அக்கா பையை விரித்துக்கொண்டு மணலில் கிடந்த ஐஸ் குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். உப்புப் போட்டு அவித்து, மொட்டை மாடியில் காயவைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடுமாம். எனக்கு மானம் போயிற்று. வளையல் கடையைப் பார்ப்பதுபோல நைசாக நகர்ந்தேன். "ஏட்டி, ஒளியாண்டாம்! உனக்க காலடியில ரெண்டு கெடக்கு, எடு!" என்று கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். எடுத்தேன், வேறென்ன செய்ய?

இனி, இத்தனை நாள் நான் சொல்லாத விஷயம். மூன்று வருடத்துக்கு முன்பு நம் ஆண்டுவிழாக் கண்காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். மேசைகளை அடுக்கும் பொறுப்பு என்னுடையது. முந்தைய நாள் சாயங்காலம், மாமியாருக்குச் சுகமில்லை என்று அக்கா சீக்கிரமே கிளம்பிவிட்டார். மூன்றாம் வகுப்பு மேசையில் வரிசையாகக் குச்சி வீடுகள். ஒன்று சாய்ந்திருந்தது, ஒன்று கால் நொண்டியது. கோணலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மறுநாள் பெரிய அதிகாரிகள் வேறு வருகிறார்கள். பையில் இருந்த, பசையை உருக்கி ஒட்டும் குளூ கன்னை எடுத்துச் சுடவைத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஒட்டினேன். ஆதிரா என்ற பிள்ளையின் வீட்டில் சுவர்கள் நன்றாக இருந்தன. கூரை மட்டும் ஒட்டாமல் சும்மா மேலே இருந்தது. பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்து நாலு பக்கமும் நன்றாக இழுத்து ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன், எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் கண்காட்சி முடிந்து, ஆதிரா தன் அம்மாவிடம் காட்டக் கூரையைத் தூக்கினாள். அது வரவில்லை. உள்ளே குச்சியைப் பிளந்து இரண்டு கட்டிலும் ஒரு மேசையும் செய்து வைத்திருக்கிறாள். அப்பா ஷார்ஜாவில். சாயங்காலம் அவர் வீடியோவில் வரும்போது கூரையைத் திறந்து காட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தாளாம். "மேல அடைச்சிட்டாங்க! அப்பா எப்பிடி உள்ள பாப்பாங்க?" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். அவள் அம்மா நெம்பிப் பார்த்ததில் ஒரு சுவரே கையோடு வந்துவிட்டது. "எந்த டீச்சர் இதில கை வச்சது?" என்று கேட்டாள்.

நான் குனிந்து மேசை விரிப்பை எடுத்தேன். அக்கா வீட்டை வாங்கி, இறுகிய பசையை விரலால் தடவினார். என்னை ஒரு தடவை பார்த்தார். பள்ளியில் குளூ கன் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பிறகு ஆதிராவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "நாந்தான் மக்கா ஒட்டினேன். ஆடாம நிக்கட்டும்னு நெனச்சேன். தப்பு எனக்கதான்" என்றார்.

"எங்க கை படப்பிடாது, உங்க கை படலாமோ?" என்று அந்த அம்மா அத்தனை பேர் முன்னிலையில் கேட்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பக்கத்தில் மேசை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் சாப்பிடும்போது, "அக்கா, அது..." என்று ஆரம்பித்தேன். "போட்டு, விடு. சோத்தத் தின்னு. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கிட்ட நீயே சொல்லிரு, என்னா?" என்றார். சரி என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை, "சொன்னியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் அக்கா" என்றேன். அவர் முகம் மலர்ந்ததே, அதை எப்படிச் சொல்ல? "நல்லது மக்கா" என்று என் தோளைத் தட்டினார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் சொன்னால் அவர் நம்புவார், அவ்வளவுதான்.

அடக்கத்துக்குப் போனபோது ஆதிராவின் அம்மா அழுது வீங்கிய முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கமான டீச்சர். அன்னைக்கு அந்த வீட்டை மட்டும் கெடுக்காம இருந்திருக்கலாம். பிள்ளை இப்பவும் சொல்லுவா" என்றாள். அக்காவின் உடல் நாலடி தள்ளிக் கிடந்தது. நான், "ஆமா" என்று தலையாட்டினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

உங்களில் பலரிடம் அக்கா செய்ய வைத்த பொருள்கள் இருக்கும். என்னிடம் இருப்பது அவர் கேட்ட "சொன்னியா?" மட்டும்தான். மூன்று வருடமாக அதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை.

ஆதிரா, நீ இப்போது ஆறாம் வகுப்பு. இதை நீயே வாசித்துவிடுவாய். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு மக்கா. உன் வீட்டை ஒட்டியது நான். லலிதாபாய் டீச்சர் அதைத் தொடவே இல்லை.