தம்மில் வெந்த பாஸ்தா

போன வருஷம் மழைக்காலம். திண்டுக்கல்லில் எங்கள் வீடு. எனக்குப் பிரியாணிக்குத் தம் போடுகிற வேலை. பெங்களூரில் இருக்கும் மகள் தலைப்பிரசவத்துக்கு நாலாம் மாசமே வந்துவிட்டாள். எது சாப்பிட்டாலும் வாந்தி. பிரியாணி வாடை என்றால் இன்னும் மோசம். வேலை முடிந்து வந்தால் கொல்லைப்பக்கம் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

டாக்டரம்மா எடை பார்த்தார். குறைந்திருந்தது. "அடுத்த வாரமும் ஏறலேன்னா பெட்ல சேர்க்கணும். பாலோ கீரையோ, எதாச்சும் உள்ள தங்கணும்" என்றார். எதுவும் தங்கவில்லை.

ஒரு நாள் அவளே என்னிடம் கேட்டாள். "அத்தா, பெங்களூர்ல ஒண்ணு சாப்பிடுவேன். சங்கு மாதிரி பெரிய பாஸ்தா. உள்ள பன்னீரும் கீரையும் அடைச்சு, தக்காளிச் சாறு ஊத்தி, மேல சீஸ் தூவி ஓவன்ல வைப்பாங்க. அது எறங்கும்னு தோணுது."

"மைதாவத் தின்னா தெம்பு வருமாக்கும்?" என்றாள் என் மனைவி.

"மைதா இல்லம்மா, கோதுமை ரவை. பன்னீர்ல சத்து, கீரைல இரும்பு. சீஸ்தான் உப்பு, கொஞ்சமாப் போட்டாப் போதும்."

டவுனில் தேடி ஒரே ஒரு பாக்கெட் கிடைத்தது. சீரகச் சம்பா நினைப்பில் அதைக் கழுவி ஊறப்போட்டுவிட்டேன். கைப்பழக்கம். செத்த நேரம் கழித்து மகள் வந்து பார்த்தாள். "ஐயோ அத்தா, இத யாராச்சும் ஊறப்போடுவாங்களா?"

"ஒங்க அத்தாவுக்குச் சட்டில விழுந்ததெல்லாம் அரிசிதான்" என்றாள் மனைவி. மகள் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொதிநீரில் போட்டதும் பாதி கிழிந்துவிட்டது. முழுசாக இருந்ததில் பன்னீரையும் வதக்கிய முருங்கைக்கீரையையும் அடைத்தேன். மிச்சப் பன்னீரையும் கீரையையும் சின்னச் சட்டியில் பரப்பி, கிழிந்த பாஸ்தாவால் மூடி, தக்காளிச் சாறு ஊற்றி, கொஞ்சம் சீஸ் தூவினேன். ஓவன் கிடையாது. அந்தச் சட்டியைப் பெரிய சட்டிக்குள் இறக்கி, மூடி மேல் கங்கு போட்டேன். அது தெரிந்த வேலை.

திறந்தபோது பார்க்க நன்றாக இல்லை. அவள் ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். தட்டு காலி. அப்புறமும் குமட்டவில்லை.

"கடைல மாதிரி இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கும் வேணும்" என்றாள்.

மறுநாள் மதுரைக்கு பஸ் ஏறி நாலு பாக்கெட் வாங்கி வந்தேன். ஊறப்போடவில்லை. அடுத்த வாரம் எடை ஏறியிருந்தது. பெட்டில் சேர்க்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் அண்டாவைத் திறக்கும்போது, அந்த வாடை தாங்காமல் யாராவது ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அவர்களுக்கும் இறங்குகிற மாதிரி ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.